கடை வாசலில் காத்திருக்கும் செயலி

'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கக் கூடாதா?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். உலை வைத்து, சோறு வடித்து, குழம்பு கொதிக்கும் வரையில் பொறுமையாக இருந்தவன், இலையில் விழுந்த சோறு ஆறுவதற்குள் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வான். கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் நம் இளைஞர்களுக்கு இந்தப் பழமொழியின் பொருள் நன்றாகவே தெரியும். ஆறு மாதம் இரவு பகலாக உழைத்து ஒரு செயலியை எழுதி முடிக்கிறார்கள். நண்பர்களிடம் கொடுத்துச் சோதித்தும் பார்த்துவிடுகிறார்கள். பிறகு பொத்தானை அழுத்திச் செயலிக் கடைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், திரையில் ஒரே ஒரு வரிதான் தெரிகிறது: 'பரிசீலனைக்காகக் காத்திருக்கிறது.' ஒரு நாள் ஆகிறது. இரண்டு நாள் ஆகிறது. சில வேளைகளில் ஒரு வாரமும் ஆகிவிடுகிறது.

இந்தக் காத்திருப்பு ஏன்? அந்த நாள்களில் கடைக்கு உள்ளே என்ன நடக்கிறது? அதைக் குறைத்துக்கொள்ள வழி உண்டா? செயலியை எழுதாமல் பயன்படுத்த மட்டுமே செய்கிற நமக்கு இதில் என்ன வந்தது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

வாசலில் காவல் எதற்கு?

ஒரு காலத்தில் கணினிக்கு மென்பொருள் எழுதியவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வட்டில் பதித்து விற்றார், அல்லது இணையத்தில் ஏற்றினார். வேண்டியவர் எடுத்துத் தம் கணினியில் நிறுவிக்கொண்டார். அதில் நச்சுநிரல் இருந்தால் அது நிறுவியவரின் தலையெழுத்து.

கைப்பேசி வந்தபோது நிலைமை மாறியது. ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலை 10ஆம் தேதி தன் செயலிக் கடையை 500 செயலிகளோடு திறந்தது. ஐபோன் வைத்திருப்பவர் செயலிகளை அந்தக் கடையிலிருந்துதான் பெற முடியும். அந்தக் கடையில் இடம்பெற ஆப்பிளின் பரிசீலனையைக் கடந்தாக வேண்டும். இது அன்றே விதியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான கடையைக் கூகுள் திறந்தது. 2012இல் அதற்கு 'கூகுள் பிளே' என்று பெயர் மாறியது. அங்கே தொடக்கத்தில் கெடுபிடி குறைவு. பிறகு, செயலிகளை ஆள்களைக் கொண்டும் பரிசீலிக்கத் தொடங்கிவிட்டதாக 2015 மார்ச்சில் கூகுளே அறிவித்தது. ஆக, இன்று இரண்டு பெரிய கடைகளின் வாசலிலும் காவல் உண்டு.

ஒரு பேரங்காடியை எண்ணிப் பாருங்கள். அங்கே கடை போட விரும்புகிறவர், நினைத்த மாத்திரத்தில் ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டுவிட முடியாது. என்ன விற்கப் போகிறீர்கள், உரிமம் இருக்கிறதா, தீப்பிடிக்கும் பொருள் ஏதும் உண்டா என்று நிர்வாகம் கேட்கும். வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால் பேரங்காடியின் பெயரும் அல்லவா கெடும்? செயலிக் கடையின் கணக்கும் இதுதான்.

அதிலும் கைப்பேசி என்பது சாதாரணப் பொருள் அன்று. நம் வங்கிக் கணக்கு அதில் இருக்கிறது. குடும்பப் படங்கள் இருக்கின்றன. நாம் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியும். வாசற்காவலைத் தாண்டி வேறு வழியில் ஒரு செயலி உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் பட்ட பாடு நமக்குச் சொல்கிறது. வீட்டைத் துப்புரவு செய்து தருகிறோம், உணவுப் பொருளை மலிவாகத் தருகிறோம் என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் வரும். தொடர்பு கொண்டால், முன்பதிவு செய்ய இந்தச் செயலியை நிறுவுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வரும். அது கூகுள் கடையில் உள்ள செயலி அன்று. 'ஏபிகே' என்று சொல்லப்படும் கோப்பு. அதை நிறுவி, கேட்ட அனுமதிகளை எல்லாம் கொடுத்தவர்களின் வங்கிக் கணக்கு காலியானது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய 1,899 சம்பவங்களில் குறைந்தது 34.1 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி பறிபோனதாக அந்நாட்டுக் காவல்துறை தெரிவித்தது.

அதன் பிறகு நடவடிக்கைகள் கடுமையாயின. கடைக்கு வெளியிலிருந்து வந்த, ஆபத்தான அனுமதிகளைப் பெற்ற செயலி ஒன்று கைப்பேசியில் இருந்தால் தன் வங்கிச் செயலியைத் திறக்கவிடாத பாதுகாப்பு முறையை ஓசிபிசி வங்கி 2023 ஆகஸ்ட்டில் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் கூகுள், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து, அத்தகைய செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. செயலியை எழுதியவர் யார் என்று சரிபார்த்த பிறகே அதை நிறுவ விடுவோம், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் இந்த முறை தொடங்கும் என்று 2025 ஆகஸ்ட்டில் கூகுள் அறிவித்தது. காவல் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது என்ன?

அனுப்பப்பட்ட செயலி முதலில் கணினியின் கையில் சிக்குகிறது. தெரிந்த நச்சுநிரல் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, தடைசெய்யப்பட்ட உள்கட்டமைப்புகளைப் பயன்படுத்துகிறதா, படங்களும் விவரங்களும் முறைப்படி இணைக்கப்பட்டுள்ளனவா என்றெல்லாம் தானியங்கிச் சோதனைகள் நடக்கின்றன. அவற்றைக் கடந்த பிறகு மனிதர் ஒருவர் செயலியைத் திறந்து பார்க்கிறார். ஆப்பிள் கடையில் எல்லாச் செயலிகளும், புதிய பதிப்புகளும் இந்தக் கட்டத்திற்கு வருகின்றன.

அந்த மனிதருக்கு எவ்வளவு வேலை? 2009இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. ஆகஸ்ட் மாதத்தில் ஆப்பிள் தந்த பதில் இதுதான்: முழுநேரப் பரிசீலகர்கள் 40 பேருக்கும் மேல் இருக்கிறார்கள். வாரந்தோறும் ஏறத்தாழ 8,500 புதிய செயலிகளும் புதிய பதிப்புகளும் வருகின்றன. ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேர் பார்க்கிறார்கள். சுமார் 20 விழுக்காடு, அனுப்பிய வடிவத்திலேயே ஏற்கப்படுவதில்லை.

இந்த எண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். 8,500 செயலிகளை இரண்டு பேர் வீதம் பார்த்தால் 17,000 பார்வைகள். 40 பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு வாரம் 425. ஐந்து நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 85. எட்டு மணி நேர வேலையில் ஒரு செயலிக்கு ஆறு நிமிடம்கூட இல்லை!

2021 மே மாதம் கலிபோர்னியாவில் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தது. அப்போது வெளிவந்த விவரப்படி பரிசீலகர்கள் சுமார் 500 பேர். வாரத்திற்கு வரும் செயலிகளோ ஏறத்தாழ ஒரு லட்சம். அதே கணக்கைப் போட்டால், ஒருவரே ஒரு செயலியைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டு முழுவதும் 6.1 மில்லியனுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டு, அவற்றில் கிட்டத்தட்ட 1.7 மில்லியன் நிராகரிக்கப்பட்டதாக ஆப்பிள் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நான்கில் ஒன்றுக்கும் மேல் திரும்பி வந்திருக்கிறது.

இந்தச் சில நிமிடங்களை நம் இளைஞர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாம் ஆறு மாதம் உழைத்ததை ஒருவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் பார்த்து முடிக்கிறார். அந்த நேரத்திற்குள் அவருக்குப் புரியாதது எதுவாக இருந்தாலும், அது மறுப்பாகத் திரும்பி வரும்.

இரண்டு வாரம் ஒரு நாளான கதை

2009இல் 95 விழுக்காட்டுச் செயலிகளுக்கு 14 நாள்களுக்குள் ஒப்புதல் கிடைத்துவிடும் என்று ஆப்பிள் சொன்னது. அதையே அன்று சாதனையாகச் சொல்ல வேண்டிய நிலை. பின்வந்த ஆண்டுகளில் ஒரு வாரம் என்பது சாதாரணமாக இருந்தது. 2016இல்தான் நிலைமை பெரிதாக மாறியது. பாதிச் செயலிகள் 24 மணி நேரத்திலும், 90 விழுக்காடு 48 மணி நேரத்திலும் பரிசீலிக்கப்படுவதாக அந்த ஆண்டு ஆப்பிள் அறிவித்தது. இப்போது சராசரியாக 90 விழுக்காட்டு விண்ணப்பங்கள் 24 மணி நேரத்திற்குள் பரிசீலிக்கப்படுவதாக அது கூறுகிறது.

முன்பு கிறிஸ்துமஸ் வந்தால் கடையின் அலுவலகமே சில நாள்களுக்கு மூடிவிடும். அந்த நாள்களில் எதையும் அனுப்ப முடியாது. 2021 முதல் அந்த விடுமுறைக் காலத்திலும் விண்ணப்பங்கள் ஏற்கப்படுகின்றன. ஆனால், அப்போது பரிசீலனைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்து விடுகிறார்கள்.

கூகுள் கடையில் போக்கு எதிர்த் திசையில் இருக்கிறது. முன்பு சில மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஏழு நாள் வரை, அரிதாக அதற்கு மேலும் ஆகலாம் என்று கூகுள் சொல்கிறது. அதோடு, 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவர்களுக்குப் புதிய நிபந்தனை ஒன்றும் உண்டு. கடையில் வெளியிட விண்ணப்பிக்கும் முன், 20 சோதனையாளர்களைச் சேர்த்து, தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதிக்க வேண்டும். அந்த 20 பேர் என்பது 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைக்கப்பட்டது. 14 நாள் என்பது மாறவில்லை. பெரிய நிறுவனத்தில் பன்னிரண்டு பேரைத் திரட்டுவது ஒரு பொருட்டே அல்ல. வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து எழுதும் மாணவருக்கு அது ஒரு வேலை. உறவினர்களையும் நண்பர்களையும் கெஞ்சிச் சேர்த்து, இடையில் யாரும் கழன்றுகொள்ளாமல் இரண்டு வாரம் கட்டிக்காக்க வேண்டும்.

செலவையும் சொல்லிவிடுவோம். ஆப்பிளில் உருவாக்குநராகப் பதிந்துகொள்ள ஆண்டுக்கு 99 அமெரிக்க வெள்ளி. கூகுளில் ஒரே ஒரு முறை 25 அமெரிக்க வெள்ளி.

எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள்?

காவலரின் மனநிலையைத்தான் பலர் காரணமாக நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. தீர்க்கப்படாத சிக்கல்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு விதியைச் சார்ந்தவை என்று ஆப்பிள் சொல்கிறது. 'செயலி முழுமையாக இருக்க வேண்டும்' என்பதே அந்த விதி. திறந்தவுடன் நின்றுபோவது, வேலை செய்யாத இணைப்புகள், 'இங்கே படம் வரும்' என்று விட்டுவைத்த காலி இடங்கள், உள்ளே நுழையக் கடவுச்சொல் கொடுக்காமை ஆகியவை எல்லாம் இதில் அடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கு வருகிற பக்தர்களுக்காக ஓர் இளைஞர் ஒரு செயலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிறுத்துமிடம், தண்ணீர்ப் பந்தல், முதலுதவி நிலையம், காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிய அறிவிப்பு என எல்லாம் அதில் உண்டு. எல்லாமே தமிழில். கைப்பேசி எண்ணைப் பதிந்தால் குறுஞ்செய்தி வழியாக ஓர் எண் வரும், அதைத் தட்டினால்தான் உள்ளே போகலாம். தைப்பூசத்திற்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் அதை அனுப்புகிறார்.

இப்போது பரிசீலகரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு நம் தொண்டூழியர்களின் கைப்பேசி எண் கிடையாது. எனவே முதல் திரையைத் தாண்டி அவரால் நுழைய முடியவில்லை. நுழைந்தாலும் அவருக்குத் தமிழ் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செயலி தம் இருப்பிடத்தைக் கேட்கிறது. ஏன் கேட்கிறது என்ற விளக்கம் இல்லை. தைப்பூசம் இன்னும் தொடங்காததால் அறிவிப்புப் பக்கம் காலியாக இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. அவர் என்ன எழுதுவார்? 'முழுமையாகப் பரிசீலிக்க இயலவில்லை' என்றுதான் எழுதுவார். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் நமக்கும் 15, 16 மணி நேர வித்தியாசம். அங்கே பகல் வேளையில் கேட்ட கேள்வி நமக்கு நள்ளிரவில் வரும். காலையில் எழுந்து பதில் எழுதினால் அங்கே மாலை ஆகியிருக்கும். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் கழிந்தால், காவடிகள் இறங்கிய பிறகுதான் செயலி வெளிவரும்.

இவை தவிர அடிக்கடி கால் இடறும் இடங்கள் சில உண்டு. பயனரைக் கணக்குத் திறக்கச் சொல்லும் செயலி, அந்தக் கணக்கை அழிக்கும் வசதியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும். ஆப்பிள் இதை 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. பயனர்கள் தாங்களே படமும் கருத்தும் பதிகிற செயலியானால், தகாதவற்றை வடிகட்டவும், புகார் செய்யவும், தொல்லை தருபவரைத் தடுக்கவும் வழி இருக்க வேண்டும். செயலிக்குள் விற்கப்படும் மின்னியல் பொருளுக்குப் பணம் பெறுவதற்குக் கடையின் கட்டண முறை பற்றிய விதிகளைப் பார்த்தாக வேண்டும். வங்கி, மருத்துவம், சூதாட்டம் போன்ற கட்டுப்பாடு மிகுந்த துறைகளில் தனிநபர் பெயரில் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். அந்தச் சேவையை நடத்தும் நிறுவனமே அனுப்ப வேண்டும்.

காத்திருப்பைக் குறைக்கும் வழிகள்

மேலே சொன்னதிலிருந்தே வழிகள் புலப்படும். முதலாவது, பரிசீலகருக்கென்று ஒரு சோதனைக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்துவிடுங்கள். குறுஞ்செய்தி எண் தேவைப்படாத கணக்காக அது இருக்கட்டும். இரண்டாவது, விண்ணப்பத்தில் பரிசீலகருக்குக் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. அதைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். செயலி யாருக்காக, எந்தப் பொத்தான் என்ன செய்யும், இருப்பிடத்தை ஏன் கேட்கிறது என்பதை எளிய ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுங்கள். தமிழ்ச் செயலிக்கு இது மிக மிக முக்கியம். ஒரு சிறு காணொளி இணைப்பையும் சேர்த்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, காலிப் பக்கங்களை மாதிரித் தகவல்களால் நிரப்பி வையுங்கள்.

நான்காவது, வெளியீட்டு நாளையும் ஒப்புதல் பெறும் நாளையும் ஒன்றாக்காதீர்கள். ஒப்புதல் கிடைத்த பிறகும் செயலியை வெளியிடாமல் நம் கையில் வைத்திருந்து, வேண்டிய நாளில் வெளியிட இரு கடைகளிலுமே வசதி உண்டு. தைப்பூசத்திற்கான செயலியை மார்கழியிலேயே அனுப்பி ஒப்புதல் வாங்கி வைத்துவிடலாம். ஐந்தாவது, புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆப்பிளில் படிப்படியான வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் முதல் நாள் 1 விழுக்காட்டினருக்குத் தொடங்கி, ஏழாம் நாளில்தான் அனைவருக்கும் போய்ச் சேரும். கோளாறு தெரிந்தால் நடுவில் நிறுத்தலாம். கூகுளிலும் இத்தகைய வசதி இருக்கிறது. பிழையுள்ள பதிப்பு எல்லோருக்கும் போய்விட்டால், அதைத் திருத்திய பதிப்பும் மறுபடி வரிசையில்தானே நிற்க வேண்டும்?

ஆறாவது, உண்மையிலேயே அவசரம் என்றால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம். பெரிய பிழை ஒன்று பயனர்களைப் பாதிக்கிறது, அல்லது குறிப்பிட்ட நாளில் நடக்கும் நிகழ்ச்சிக்கான செயலி என்றால் ஆப்பிள் அதைக் கவனிக்கிறது. ஆனால், ஒவ்வொரு முறையும் 'அவசரம், அவசரம்' என்று கூவினால், புலி வருது கதைதான். உண்மையில் புலி வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காவலர் சொல்வதெல்லாம் சரியா?

இவ்வளவும் சொன்ன பிறகு, காவலர் எப்போதும் நியாயமானவர்தான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கடை திறந்து இரண்டு ஆண்டுகள் வரை, எதை ஏற்போம் எதை மறுப்போம் என்ற பரிசீலனை விதிகளை ஆப்பிள் பொதுவில் வெளியிடவே இல்லை. 2010 செப்டம்பரில்தான் அவை முதன்முதலாக வெளியாயின. விதி தெரியாமல் தேர்வு எழுதுவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்கக் கேலிச்சித்திரக் கலைஞர் மார்க் ஃபியோரின் செயலியை 2009 டிசம்பரில் ஆப்பிள் மறுத்தது. பொதுவாழ்வில் இருப்பவர்களை அது கேலி செய்கிறது என்பதே காரணம். 2010 ஏப்ரலில் அதே கலைஞருக்குப் புலிட்சர் விருது கிடைத்தது. மறுப்புச் செய்தி வெளியே தெரிந்ததும், மீண்டும் அனுப்புங்கள் என்று ஆப்பிளே கேட்டுக்கொண்டது. செயலி உடனே ஏற்கப்பட்டது. விருது பெறாத சாமானியக் கலைஞர் அனுப்பியிருந்தால் அவருக்காக யார் பேசியிருப்பார்கள்?

2020 ஜூனில் 'ஹே' என்ற மின்னஞ்சல் செயலிக்கு நேர்ந்ததும் இத்தகையதே. முதல் பதிப்பை ஏற்றுக்கொண்ட கடை, பிழை திருத்திய அடுத்த பதிப்பை நிறுத்தி வைத்தது. செயலிக்குள்ளேயே சந்தா கட்டும் வசதி இல்லை என்பது அதன் வாதம். அப்படிக் கட்டினால் அதில் ஒரு பங்கு கடைக்குப் போகும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பங்கு அன்று பொதுவாக 30 விழுக்காடு. சிறு நிறுவனங்களுக்கு 2021 ஜனவரி முதல் 15 விழுக்காடாகக் குறைந்தது. உருவாக்கியவர்கள் ஊரறியக் குரல் எழுப்பினார்கள். சில மாற்றங்களுக்குப் பிறகு செயலி ஏற்கப்பட்டது. அதே மாதம் ஆப்பிள் இரண்டு முக்கியமான அறிவிப்புகளைச் செய்தது. தங்கள் செயலி மறுக்கப்பட்டதை எதிர்த்து மட்டுமின்றி, விதியையே எதிர்த்தும் உருவாக்குநர்கள் இனி முறையிடலாம். மேலும், ஏற்கெனவே கடையில் உள்ள செயலியின் பிழை திருத்தங்கள், சட்டச் சிக்கல் இருந்தாலன்றி, விதிமீறல் காரணமாகத் தாமதிக்கப்பட மாட்டா.

தமிழர்களாகிய நமக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் தமிழ்க் குறுஞ்செய்திக்காக அறிமுகமானது. 2009இல் ஐபோனுக்கும் வந்தது. ஆனால், வெளியார் உருவாக்கிய விசைப்பலகையைப் பிற செயலிகளுக்குள் பயன்படுத்த ஐபோனில் அன்று அனுமதி இல்லை. ஆகவே செல்லினத்துக்கு உள்ளேயே தமிழில் தட்டச்சு செய்து, அங்கிருந்துதான் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. 2013இல் ஆப்பிளே தன் ஐஓஎஸ் 7இல் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது. வெளியார் விசைப்பலகைகளுக்குக் கதவு திறந்தது 2014இல், ஐஓஎஸ் 8இல்தான். நம் மொழியை நாம் எப்படி எழுதலாம் என்பதைக்கூடத் தொலைதூரத்தில் ஒரு நிறுவனத்தின் விதிப்புத்தகம் சில ஆண்டுகள் தீர்மானித்தது என்பது சிறிய செய்தி அன்று.

எனவேதான் அரசாங்கங்களும் இதில் தலையிடத் தொடங்கியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால், 2024 மார்ச் முதல் அங்கே ஐபோனில் வேறு செயலிக் கடைகளுக்கும் இடம் கிடைத்தது. அங்கேகூட, செயலிகள் ஆப்பிளின் அடிப்படைச் சோதனை ஒன்றைக் கடந்துதான் ஆக வேண்டும். கடை மாறலாம், காவல் முற்றாக நீங்குவதில்லை.

மறுப்பு வந்தால் என்ன செய்வது? சினத்தில் எதையும் எழுதிவிடாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் விதியின் எண் இருக்கும். அந்த விதியை முழுமையாகப் படியுங்கள். பரிசீலகர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடியுங்கள். நம் பக்கம் குறை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், திரைப்படங்களோடு பணிவாக விளக்கி எழுதுங்கள். அதற்கும் செவிசாய்க்காவிட்டால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. பணிந்து போவது வேறு, முறையிடாமல் இருப்பது வேறு.

முத்திரை இருந்தால் போதுமா?

இறுதியாக, பயனர்களாகிய நமக்கு ஒரு செய்தி. கடையின் ஒப்புதலைப் பெற்ற செயலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாமா? கூடாது. 2015 செப்டம்பரில் 'எக்ஸ்கோட்கோஸ்ட்' என்ற நச்சுநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. செயலி எழுதப் பயன்படும் கருவியையே மாற்றி, அதன் வழியாக உருவாகும் செயலிகளில் அது ஒட்டிக்கொண்டது. எழுதியவருக்கே தெரியாது. ஆப்பிளின் பரிசீலனையையும் அது தாண்டிச் சென்றது. பாதிக்கப்பட்டவற்றில் வீசாட்டின் ஒரு பதிப்பும் இருந்தது. 2024 பிப்ரவரியில், கடவுச்சொற்களைப் பாதுகாக்கும் 'லாஸ்ட்பாஸ்' செயலியைப் போலவே தோற்றமும் கிட்டத்தட்ட அதே பெயரும் கொண்ட போலி ஒன்று ஆப்பிள் கடையில் இருப்பதாக உண்மையான நிறுவனமே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. சில நிமிடப் பரிசீலனையில் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது.

ஆகவே கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலியைத் தொடாதீர்கள். கடைக்கு உள்ளே இருப்பதானாலும், உருவாக்கியவர் பெயரைப் படியுங்கள். கைவிளக்குச் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், எதற்கு என்று உங்களை நீங்களே கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டிச் செயலி நிறுவக் கூடாது என்று இன்றே சொல்லி வையுங்கள்.

செயலி எழுதும் பிள்ளைகளின் பெற்றோரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 'இன்னுமா முடியவில்லை?' என்று கேட்கும்போது அந்தப் பிள்ளையின் வேலை முடிந்திருக்கலாம். வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார். அந்த வாசலில் காவல் இருப்பது நம் எல்லோருக்கும் நல்லது. அங்கே நிற்க வேண்டிய நேரம் குறைய வேண்டும், மறுத்தால் காரணம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும், சிறியவர் கேட்டாலும் பெரியவர் கேட்டாலும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பது உருவாக்குநர்களின் உரிமை. பரிசீலகரின் அந்தச் சில நிமிடங்களுக்குத் தக்கபடி ஆயத்தமாகச் செல்வது அவர்களின் கடமை. இரண்டையும் தெரிந்து வைத்திருப்பவர் வாசலில் அதிக நாள் நிற்க மாட்டார்.